நாவலூரும் பெரும்பாக்கமும்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) நாவலூர். மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டிப் பெரும்பாக்கம். நாவலூரின் அடுக்ககங்களைத் தனியார் கட்டினர். வங்கிக் கடன் வாங்கி, விரும்பிக் குடியேறினர் மக்கள். பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளை அரசு வாரியம் கட்டியது. குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர்.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் வீடு முந்தியது, பேருந்து பிந்தியது. 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 தளப்பரப்புக் குறியீடு தரும்போது பார்ப்பது சாலையின் அகலத்தை. அதில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது என்பதை அல்ல. பெரும்பாக்கத்திலோ நிலம் கிடைத்ததே போதுமான காரணமாயிற்று.

அந்தப் பேருந்துக் குறையை நாவலூரில் கம்பெனி பஸ்ஸும் கேபும் நிரப்புகின்றன. பெரும்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ. முன்னதில் செலவை நிறுவனம் ஏற்கிறது. பின்னதில் வீட்டுவேலைக்குப் போகும் பெண் தன் கூலியிலிருந்து கொடுக்கிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலையில் முதலில் வந்து நிற்பது டீலக்ஸ் என்றால்? காத்திருந்தால் வேலைக்குத் தாமதம். ஏறினால் சலுகை இல்லை. அவர் போய்ச் சேரும் வீடு பல வேளைகளில் ஓ.எம்.ஆர். அடுக்ககம் ஒன்றில்தான் இருக்கிறது. ஆகவே பேருந்துக் குறைவு இரண்டு ஊர்களின் தனித்தனிச் சிக்கல் அன்று. ஒன்றின் தாமதம் மற்றதன் சமையலறை வரை நீள்கிறது.

மெட்ரோ இரண்டாம் கட்டத்திலும் வியப்பான ஒற்றுமை. மூன்றாம் வழித்தடம் நாவலூரைத் தொட்டுச் சிறுசேரிக்குப் போகும்; ஐந்தாம் வழித்தடம் பெரும்பாக்கம் வழியே சோழிங்கநல்லூரில் முடியும். இரண்டும் மாதவரத்தில் புறப்பட்டு, நகரின் இரு வேறு பக்கமாக வந்து, சோழிங்கநல்லூரில் சந்திக்கின்றன.

எனினும் நிலையங்கள் அமைவது பிரதான சாலையில். வாரியக் குடியிருப்பும் உள்ளே தள்ளி இருக்கிறது. நாவலூரை அடுத்த தாழம்பூர்ப் பக்கத்து அடுக்ககங்களும் அப்படியே. அடுக்ககத்தில் இருப்பவருக்கு அந்த இடைவெளி ஸ்கூட்டரில் தீரும். மற்றவருக்கு ஷேர் ஆட்டோ, அதன்மேல் மெட்ரோ டிக்கெட் என இரட்டைச் செலவு. மெட்ரோ திறக்கும்வரை காத்திராமல், அந்த உட்சாலைகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளை இப்போதே கூட்டுவதுதான் நியாயமான முதல் வேலை என்பது என் துணிபு. அடுத்த அடுக்ககத்துக்கு ஒப்புதல் தரும் மேசையில், சாலையின் அகலத்தோடு பேருந்துகளின் கால அட்டவணையும் இருக்க வேண்டும்.