கல்வீட்டுப் பூச்சி

யூட்டா பாலைவனத்தின் ஹவுஸ் மலைத்தொடரில் உள்ள வீலர் ஷேல், 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறு. தட்டினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. எல்ராதியா கிங்கி என்ற டிரைலோபைட் அதிலிருந்து முழுதாகவே கழன்று வரும். அடிப்புறம் தடித்துப் படிந்த கால்சைட்தான் காரணம். 1870இல் மீக் அதை விவரித்தார். விஞ்ஞானத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. மனித எலும்புகளோடு புதைந்திருந்த, துளையிட்ட டிரைலோபைட் ஒன்றைப் பத்திரிகையாசிரியர் பிராங்க் பெக்வித் பதிவு செய்தார். பாவான்ட் யூட் மக்களுக்கு அது நோயையும் துப்பாக்கிக் குண்டையும் தடுக்கும் காப்பு. அவர்கள் வைத்த பெயரின் பொருள்: கல்வீட்டில் வாழும் சிறு நீர்ப்பூச்சி. வறண்ட மலையில் நீரை அறிந்திருந்த பெயர் இது.

காட்சிக்குத் தயாரிப்பவர் ஊசியாலும், காற்றோடு பீய்ச்சும் நுண்பொடியாலும் ஒட்டிய கல்லை அகற்றுகிறார். ஓட்டின் வரிகள் துலங்குகின்றன. எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதைக் குறித்து வைக்காவிட்டால் அது தூசியோடு போய்விடும். துளையிட்டவனும் கல்லிலிருந்து பிரித்தவன்தான். ஆனால் வீட்டைப் பெயரில் விட்டுவைத்தான்.

படைப்பை அதன் காலத்திலிருந்து உரித்தெடுத்து மெருகேற்றுகிற நம் விமர்சனத்துக்கு இந்தப் பெயரளவு நினைவாவது வேண்டும் என்கிறேன்.