வாப்பாவின் கொக்கத்தடியும் பிள்ளைகளின் ரோபோவும்

தம்புள்ளை உறவுகளே!

போட்டிக்காக நம் பிள்ளைகள் செய்துவரும் ரோபோ போன கிழமை ஒரு கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கப் பார்த்தது. தூக்கிய கொளுக்கி வளைந்து, ரோபோ "தடால்" என்று விழுந்தது. உடனே தடித்த இரும்பில் வேறொன்று செய்தார்கள். அது வளையவில்லை, ஆனால் அதன் பாரத்தைச் சுமக்க முடியாமல் கை மேலே எழும்பவே இல்லை.

"இரும்பு கூடினால் பலம் கூடும்தானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்கான பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவு.

9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா என்று அறியப்பட்ட மூன்று சகோதரர்கள் இருந்தார்கள்: முஹம்மத், அஹ்மத், ஹஸன். விந்தைக் கருவிகளைப் பற்றி அவர்கள் எழுதிய நூலில் சுமார் நூறு கருவிகள் உண்டு. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பொருளைக் கவ்வி மேலே எடுக்கும் பொறியும் அவற்றில் ஒன்று. இன்று மண் அள்ளும் கிரேன்களின் வாயைப் பார்த்தால் அதே யோசனை தெரியும். தூக்கும் பொறியைப் பற்றி யோசிப்பது நமக்குப் புதிதல்ல.

தூரம் போகவும் வேண்டாம், பக்கத்துச் சீகிரியாவைப் பாருங்கள். 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த மரே, பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பிகளைப் பதித்து ஓவியக் குகைக்கு ஏறினார். பின்னர் தொல்பொருள் ஆணையாளர் பெல்லின் காலத்தில், 1896-97இல், டி.ஏ.எல். பெரேரா அந்த ஓவியங்களைப் பிரதி எடுத்தார். படம் பிடிப்பதற்காக உச்சியிலிருந்து வடம் இறக்கி, கீழே மரங்களில் இழுத்துக் கட்டி, அதில் ஒரு கப்பியைக் கோத்து, கப்பியில் நாற்காலியைக் கட்டி ஆளை மேலே இழுத்தார்கள். பாரமான சாரம் எதுவும் இல்லை. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே மட்டும் பலம் வைத்தார்கள்.

இதற்குக் கணக்குச் சொன்னவர்களில் முன்னோடி கலிலியோ. பறவையின் எலும்பும் நாணலும் உள்ளே வெறுமையாக இருந்தும் ஏன் இலகுவில் முறிவதில்லை என்று 1638இல் வெளிவந்த நூலில் விளக்கினார். நம் வாப்பாமார் மாங்காய் பறிக்கும் மூங்கில் கொக்கத்தடியும் அதே இனம்தான். உள்ளே வெறுமை, ஆனால் பலம் உண்டு.

கொளுக்கி போன்ற வளைந்த உறுப்புகளுக்குக் கணக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். எமில் விங்க்ளர் 1858இல் அதை எழுதினார். பாரம் தொங்கும்போது வளைவின் உட்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் நெருக்கப்படுகிறது. உட்பக்கத்தில்தான் கஷ்டம் கூட. கிரேன் கொளுக்கியின் உட்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் ஒடுங்கியும் இருப்பது இதனால்தான். நடுப்பகுதிக்கு வேலை குறைவு.

வெளிநாட்டு மாணவர்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான். 1989இல் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 2018-19 பருவத்தில் நடத்திய 'ரோவர் ரக்கஸ்' போட்டியில், கடைசி நேரத்தில் ரோபோ கொளுக்கியால் தொங்கினால் 50 புள்ளி!

இனி நம் கொளுக்கிக்கு வருவோம். 20 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அலுமினியப் பட்டியைப் படுக்க வைத்துப் பாரம் ஏற்றினால் உடனே வளையும். அதையே விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய ஆறரை மடங்கு தாங்கும். ஒரு கிராம் கூடக் கூடவில்லை! பக்கவாட்டில் சாயாமலிருக்க இரண்டு பட்டிகளைச் சிறிது இடைவெளி விட்டு ஆணியால் இணைத்தோம். பாரம் குறைக்க நடுவில் மட்டும் துளையிட்டோம். வளைவின் உள்விளிம்பைத் தொடவில்லை. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால் உள்மூலைகளை அரத்தால் உருட்டிவிட்டோம்.

பெயின்ற் வாளியில் மணல் நிரப்பித் தொங்கவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ், வளையவில்லை. கையும் எழும்பியது. அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"சாதாரண தரப் பரீட்சை வரும் நேரத்தில் இது என்ன விளையாட்டு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நெம்பும் விசையும் புத்தகத்தில் மனனம் செய்யப்பட்டவை. அன்று கையில் புரிந்தவை. பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை சுமக்கும் வாப்பாவின் பிள்ளைதான், பாரத்தை எப்படிப் பங்கிடுவது என்று எங்களுக்கே சொல்லித்தந்தது.

அலுமினியக் கதவு, யன்னல் செய்யும் சகோதரர்களே, வெட்டி மிஞ்சும் துண்டுகளை வீசிவிடாதீர்கள். நமக்குத் தாருங்கள். நேரமுள்ள வாப்பாமார் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு நில்லுங்கள். உங்கள் கைகளுக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை.