நீர் வாணமும் அதன் குழலும்



கவரைப்பேட்டையில் குடியிருப்போருக்கு ராக்கெட் என்பது செய்தித்தாளில் மட்டும் படித்தறியும் பொருள் அன்று. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இரயில் பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே அமைந்தது இவ்வூர். இதற்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. மேகமில்லாத நாளில் அங்கிருந்து எழும் ராக்கெட்டின் வெண்புகைக் கோட்டை மொட்டைமாடியில் நின்றபடியே காணலாம்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதனினும் மிகச் சிறிய ஒன்று. வெற்றுச் சோடாப் புட்டி ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பினால் காற்றடைத்து, தலைகீழாக நிறுத்திப் பறக்க விடுகிறார்களே, அந்த நீர் வாணத்தைப் பற்றியே சொல்லப்போகிறேன். விளையாட்டுப் பொருளுக்குச் சரித்திரம் ஏது என்று சிலர் கேட்கலாம். உண்டு, அதில் நம் திருவள்ளூர்ப் பகுதிக்கும் ஒரு சிறு பங்குண்டு.

முதலில் அது எவ்வாறு பறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் கூறினார். புட்டியிலுள்ள காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. புட்டி மேலே போகிறது. வெறுங்காற்றை மட்டும் அடைத்தால் புட்டி சிறிதே துள்ளும். காற்று இலேசானது, அதை வீசி எறிவதால் கிடைக்கும் உந்தம் குறைவு. தண்ணீரோ கனமானது. காற்று மண்டலத்தின் அழுத்தத்தைக் காட்டிலும் நான்கு மடங்கு அதிகமாக உள்ளே அழுத்தம் ஏற்றினால், நீர் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். புட்டியின் வாய் வழியே அப்போது பிறக்கும் உந்துவிசை முதற்கணத்தில் 30 கிலோ எடைக்குச் சமம். தண்ணீரோடு சேர்ந்தும் ஒரு கிலோவுக்குக் குறைந்த அந்தப் பொருளுக்கு இது எவ்வளவு பெரிய உதை என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்! பத்தில் ஒரு பங்கு நொடியளவில் நீர் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு புட்டி தன் வேகத்தினாலேயே மேலே செல்கிறது.

அப்படியானால் அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் இன்னும் உயரப் போகும் அல்லவா? போகும், ஆனால் புட்டி தாங்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தில் ராக்கெட்டின் சரித்திரத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். எரிபொருளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அதை அடக்கி வைத்திருக்கும் குழலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சீனர்கள் வெடிமருந்தைக் காகிதக் குழலிலும் மூங்கிற் குழலிலும் அடைத்து வாணம் செய்தார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் விடும் ஆகாச வாணமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மூங்கிலில் மருந்தை ஓரளவுக்கு மேல் கிட்டித்தால், வாணம் பறப்பதற்குப் பதிலாக வெடித்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூரில் குழலை இரும்பினால் செய்தார்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழல். அதை நீண்ட மூங்கிற் கழியோடு இறுகக் கட்டினார்கள். இரும்பு தாங்கியதால் மருந்தை நெருக்கி அடைக்க முடிந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் வாணம் பாய்ந்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், குண்டூரிலிருந்து தெற்கே வந்த கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலையாற்றின் வடகரையில் தண்டு இறங்கியது. ஆற்றில் அப்போது நீர் அதிகமில்லை. காலையில் கடந்துகொள்ளலாம் என்று பெய்லி இருந்துவிட்டார். அன்றிரவே மழை பெய்து வெள்ளம் புரண்டது. ஏறக்குறைய பத்து நாள் படை அங்கேயே முடங்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்தபின் அவர்கள் காஞ்சிபுரத்தை நோக்கி நடந்தபோது மைசூர்ப் படை வழிமறித்தது. செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. அவர் கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார்.

அப்போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே தோல்வியை உறுதி செய்தது. மைசூர் வாணம் ஒன்று அவற்றின்மீது விழுந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். பீரங்கிக் குண்டே காரணம் என்று கூறுவோரும் உண்டு. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக முதற்கூற்றை மட்டும் ஏற்பது சரித்திர மாணவருக்கு அழகன்று. வாணங்கள் அப்போரில் பாய்ந்தன என்பதில் ஐயமில்லை. எனக்கு அவ்வளவே போதும்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அந்த இரும்புக் குழல்கள் சில இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் சோதனைகளைத் தொடங்கினார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அவருடைய ராக்கெட்டுகளால் எரிந்தது. அவரைத் திருடர் என்பாரும் உண்டு, கண்டுபிடிப்பாளர் என்பாரும் உண்டு. இரும்புக் குழல் மைசூர்க் கொல்லர்களுடையது. அளவு மாற்றி, எடை மாற்றி, ஒவ்வொன்றையும் எறிந்து பார்த்துக் குறித்துவைத்த முறை காங்கிரீவுடையது. அக்கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு எட்டவில்லை என்பதே எனக்கு வருத்தம். 2018-இல் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊரில், பாழ்ங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்திற்கும் மேற்பட்ட மைசூர்க் குழல்கள் துருவேறிக் கிடைத்தன. குழல் இருந்தது, செய்தவன் பெயர் இல்லை.

பொழுதுபோக்காகவே ராக்கெட்டை எடுத்துக்கொண்ட இந்தியர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் தபால்தலை ஆர்வலர். ராக்கெட்டில் கடிதம் அனுப்ப முடியுமா என்று பார்க்க விரும்பினார். 1934 செப்டம்பர் 30-ஆம் நாள் சாகர் தீவின் அருகே கப்பலிலிருந்து கரைக்கு அவர் விட்ட முதல் ராக்கெட் வானிலேயே வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது. குழலின் தொல்லை மறுபடியும்! மனிதர் விடவில்லை. 1935-இல் சிக்கிமில் சோதனைகள் நடத்தினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் தாமோதர் நதிக்கு மேலே அனுப்பினார். இரண்டும் உயிருடன் இறங்கின. 1992-இல் இந்தியத் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்ததும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980-இல் ரோகிணி செயற்கைக்கோள் வானேறியதும் நீங்கள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்.

நம் நீர் வாணத்தின் குழலுக்கும் தந்தை ஒருவர் உண்டு. அமெரிக்கரான நத்தானியேல் வயத், ஓவியர் ஆண்ட்ரூ வயத்தின் தமையனார். சாதாரணப் பிளாஸ்டிக் புட்டியில் இஞ்சிச் சோடாவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, அது வீங்கி நின்றதைப் பார்த்து ஆராயத் தொடங்கினார் என்பர். பெட் என்னும் பிளாஸ்டிக்கை இரு திசைகளிலும் இழுத்து வலுவூட்டி அவர் செய்த புட்டிக்கு 1973-இல் உரிமம் கிடைத்தது. வாயுவின் அழுத்தத்தைத் தாங்கவே பிறந்த புட்டி அது. ஆகவே வாயு நிறைந்த பானத்தின் புட்டியையே எடுங்கள். குடிநீர் விற்கும் மெல்லிய புட்டி உதவாது. கண்ணாடிப் புட்டியைத் தொடவே வேண்டாம்.

பறக்க விடுமுன் புட்டியைச் சோதிக்கும் முறை பழைய நீராவிக் கொதிகலன்காரர்கள் கையாண்டது. சமையல் வாயு உருளைகளை இன்றும் அவ்வாறே சோதிக்கிறார்கள். புட்டியில் காற்றுக்கு இடமின்றித் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, பிறகு பம்பினால் அழுத்தம் ஏற்ற வேண்டும். அழுந்திய காற்று வில்போல விசையைச் சேர்த்து வைக்கும். புட்டி உடைந்தால் துண்டுகளை எறியும். தண்ணீர் அழுந்துவதே அரிது. ஆதலால் பழுதான புட்டி கிழிந்து நீரைக் கொட்டுவதோடு நின்றுவிடும். நான்கு மடங்கு அழுத்தத்தில் பறக்க விடப் போகிறீர்களானால் ஆறு மடங்கில் சோதியுங்கள். அழுத்தம் காட்டும் மானி உள்ள பம்பாக இருக்கட்டும். பொத்தானைப் போல அடைத்த தக்கை தான் நினைத்த நேரத்தில் கழன்றுகொள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் கழன்றது என்பது நமக்குத் தெரியாது. கொக்கி போட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்து விடுவிப்பதே நன்று. கீறல் விழுந்த புட்டியையும், பலமுறை பறந்து அடி வெளுத்துப்போன புட்டியையும் குப்பையில் போட்டுவிடுங்கள். அழுத்தம், நீரின் அளவு, பறந்த நேரம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதன் முதற்பக்கத்தில் புட்டியைச் செய்துகொடுத்தவரின் பெயரும் இருக்கட்டும்.