நொய்யல் நமக்குப் போட்டுக் காட்டிய கணக்கு

சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் இரண்டு கட்சி வந்துவிடுகிறது. "தொழில் நடக்கணும்னா கொஞ்சம் அழுக்கு ஆகத்தான் செய்யும்" என்பது ஒரு கட்சி. "தொழிற்சாலையை எல்லாம் மூடினால்தான் ஆறு பிழைக்கும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருக்கும் பதில் சொல்லும் ஒரு வரலாறு நம் கொங்கு மண்ணிலேயே நடந்திருக்கிறது. திருப்பூர் பனியனும் நொய்யல் ஆறும் சேர்ந்த கதை அது. இன்றைய பிள்ளைகளுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றி. நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊர் அருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்ற பழைய பெயரும் இதற்கு உண்டு. மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் வறளும். அது தெரிந்துதான் முன்னோர்கள் இதன் குறுக்கே 32 தடுப்பணைகளும், அவற்றோடு வாய்க்கால்களால் இணைந்த குளங்களும் அமைத்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். மேலே இருப்பவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விட வேண்டும். இந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான்.

இந்த ஆற்றங்கரைக்குத் தொழில் நகரம் புதிதும் அல்ல. சென்னிமலைப் பக்கம் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியதற்கும், மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டியதற்கும் சான்றுகள் கிடைத்தன. அங்கே செய்த மணிகள் கடல் கடந்து போயின. ஏற்றுமதி என்பது நொய்யல் கரைக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இனி திருப்பூருக்கு வருவோம். உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்க ஆரம்பித்தது. 1980-களின் நடுவிலிருந்து ஏற்றுமதி ஏறுமுகம்தான். வறண்ட பூமியில் விவசாயம் கைகொடுக்காத குடும்பங்கள், தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது இந்தத் தொழிலால்தான். இதை மறந்துவிட்டு மேற்கொண்டு பேசுவது நியாயமாகாது.

ஆனால் வெளிநாட்டுக்காரர் கேட்டது வெள்ளைப் பனியன் அல்ல, கலர் பனியன். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் உப்புப் போட வேண்டும். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூலுக்குள் தள்ளுவது உப்பின் வேலை. வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கருப்பு, கருநீலம் போன்ற அடர் நிறம் என்றால் உப்பு நிறைய வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தக் காலத்து முறையில் ஒரு கிலோ துணியைச் சலவை செய்து சாயமேற்றி அலசி முடிக்க நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவானது. இப்படி நூற்றுக்கணக்கான பட்டறைகள். எல்லாம் சேர்ந்து நாள் ஒன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறிய காலம் இருந்தது. போன இடம் நொய்யல்.

சட்டம் இல்லாமல் இல்லை. முக்கியமான ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் புதிதாக வரக்கூடாது என்று 1989-லேயே தமிழக அரசு ஆணை போட்டது. ஆணை ஏட்டில் இருந்தது, சாயம் ஆற்றில் ஓடியது.

இந்த நேரத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. திருப்பூருக்குக் கீழே, நொய்யலின் குறுக்கே, 1992-ல் கட்டி முடித்தார்கள். சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். பெரும்பகுதி கரூர் பக்கத்து நிலம். விவசாயிகள் எவ்வளவு ஆசையோடு காத்திருந்திருப்பார்கள்! ஆனால் அணையில் வந்து தேங்கியது சாயக்கழிவு. சில ஆண்டுகளிலேயே அது பாசன அணை என்ற நிலை மாறி, திருப்பூரின் கழிவுத் தொட்டி ஆகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு இறங்கியது. அணையைத் திறந்துவிட்டால் கீழே உள்ள வயல் கெடும். திறக்காமல் வைத்தால் சுற்றியுள்ள கிணறு கெடும். "எங்களுக்கு அணைத் தண்ணீர் வேண்டாம், தேக்கி வைக்காதீர்கள்" என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடுவதை நாம் எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று போராடியதை நொய்யலில்தான் பார்த்தோம்.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அதே 1996-ல், வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பு. பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு வாங்கித் தர ஓர் ஆணையமும் அமைந்தது. அந்த ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்து, 2004-ல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

கரும்பலகையில் கணக்குப் போட்டே பழகிய கை. ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். ஒரு விவசாயிக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வராது. கிணறு போன குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் ஒரு விஷயம் அன்றுதான் எழுத்தில் வந்தது. திருப்பூரில் மலிவாகச் சாயம் போட முடிந்ததற்குக் காரணம், அந்தச் செலவின் ஒரு பகுதியைக் கீழ் நொய்யல் விவசாயி தன் கிணற்றாலும் வயலாலும் கட்டிக்கொண்டிருந்ததுதான். விலைப் பட்டியலில் வராத செலவு அது.

பட்டறைக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1990-களின் பிற்பகுதியில் பலர் கூட்டாகப் பணம் போட்டு, அரசு உதவியும் வாங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் அன்றைய நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் நாக்கில் வைத்தால் கரித்தது. பயிருக்கு நிறமா முக்கியம்? உப்புதான் முக்கியம்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வராத நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா. பைசாதானே என்று நினைக்காதீர்கள். தினம் ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 6 பைசா என்றால் நாளுக்கு 6,000 ரூபாய். மாதத்துக்கு 1,80,000 ரூபாய். கீழே இருந்தவன் கட்டிக்கொண்டிருந்த பில் முதல் முறையாகச் சரியான முகவரிக்குப் போனது. மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது.

அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்த மாதங்கள் திருப்பூருக்குக் கொடுமையான காலம். சாயம் இல்லையென்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, செக்கிங் இல்லை, பேக்கிங் இல்லை. துணியை வெளி மாநிலங்கள் வரை அனுப்பிச் சாயம் போட்டு வர வேண்டியதாயிற்று. வேலை இல்லாமல் எத்தனையோ தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் பெட்டியைக் கட்டினார்கள். சிறு பட்டறைகள் பல மீளவே இல்லை. முதலாளி செய்யத் தவறியதற்குத் தையல்காரரும் கைமடிப்பவரும் கூலி இழந்தார்கள். காலத்தில் திருத்தாத பிழையின் சுமை எப்போதும் கீழ்த்தட்டில்தான் வந்து விழுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. தொழில்நுட்பம் திருத்தப்பட்டது. பட்டறைகள் படிப்படியாகத் திரும்பத் திறந்தன.

இப்போது அங்கே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். பட்டறைக் கழிவுநீர் குழாய் வழியாகப் பொது நிலையத்துக்குப் போகிறது. நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்கின்றன. பிறகு நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் பெரிய அண்ணன் நல்ல தண்ணீரைப் பிரித்துத் தருகிறது. அந்தத் தண்ணீர் மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. மிச்சம் நிற்கும் உப்புக் கரைசலையும் முடிந்தவரை சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். கடைசி மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பாகப் பிரித்தெடுக்கிறார்கள். நூறு லிட்டர் போனால் தொண்ணூறு லிட்டருக்கு மேல் திரும்பி வருகிறது. பவானி ஆற்றிலிருந்து ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் திருப்பூருக்குக் குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் தொழிலின் தேவையும் இதனால் குறைந்தது. ஆற்றைக் கெடுக்காமல் இருக்கச் செய்த செலவு, தண்ணீர் வாங்கும் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தியது.

திருப்பூர் அழிந்துவிடும் என்று பேசினார்களே, என்ன ஆயிற்று? ஏற்றுமதி ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. தண்ணீரை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஐரோப்பிய நிறுவனங்கள் கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் தருகின்றன. நீதிமன்றத்துக்குப் பயந்து கற்றுக்கொண்ட பாடத்தைத் திருப்பூர் இப்போது பெருமையாகச் சொல்லி வியாபாரம் செய்கிறது.

எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. ஆவியாக்க விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இருட்டில் கழிவை விடும் பட்டறைகள் பற்றி இன்றும் செய்தி வருகிறது. கீழ் நொய்யலில் உப்பேறிய மண் ஒரு தீர்ப்பால் இனித்துவிடாது.

இதுவரை முதலாளிகளின் கதை. இனி நம் கதை.

சாயம் குறைந்த பிறகும் நொய்யல் ஏன் நாறுகிறது? அதில் இப்போது ஓடுவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. கோவையிலும் திருப்பூரிலும் நம்மைப் போன்றவர்கள் குளித்த, துவைத்த, கழித்த தண்ணீர். ஓடையோரம் கொட்டிய குப்பையும் பிளாஸ்டிக்கும் மழைக்கு இறங்கிச் சேர்கின்றன. பட்டறைக்காரருக்கு லிட்டருக்கு 6 பைசா போட்டார்கள். நமக்கு யார் போட்டார்கள்? "சாயப்பட்டறைக்காரன் ஆற்றைக் கெடுத்துட்டான்" என்று பேசிவிட்டு, செப்டிக் டேங்க் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கும் வீடுகள் எத்தனை!

நகரத்துக்காரர்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் அதே திருப்பூரில் சாட்சி உண்டு. 2015-ல் தொடங்கிய "வனத்துக்குள் திருப்பூர்" இயக்கத்தில் தொழிலதிபர்களும் பொதுமக்களும் சேர்ந்து நட்ட மரங்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஊருக்குப் பக்கத்திலுள்ள நஞ்சராயன் குளத்தைப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். அது 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பனியன் நகரத்தின் எல்லையில் உலக அளவில் மதிக்கப்படும் ஒரு நீர்நிலை!

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல:

1. வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழைநீர் வடிகாலில் போனால் மாற்றுங்கள்.

2. பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பட்டறைக்காரர் கட்டிய அதே பில்லில் நம் பங்கு அது.

3. வார்டு கவுன்சிலர் வாக்குக் கேட்டு வரும்போது ரோடு, விளக்கோடு சேர்த்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முழுமையாக ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

4. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று நாலு டி-ஷர்ட் வாங்கும்முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தக் கருப்பு நிறத்துக்குப் பின்னால் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

5. சிறுதொழில் நடத்தும் நண்பர்களே, தனியாக முடியாததைக் கூட்டாகச் செய்யலாம். திருப்பூரின் சிறு பட்டறைகள் பிழைத்தது அப்படித்தான். நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தால் செலவு இரட்டிப்பு.

ஒரத்துப்பாளையம் அணை இன்றும் இருக்கிறது. முடிந்தால் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அப்படியே பக்கத்தில் கொடுமணலையும் காட்டுங்கள். ஒரே ஆற்றங்கரையில் இரண்டு தொழில் காலங்கள். முதலாவது நமக்கு மணிகளை விட்டுச் சென்றது. இரண்டாவது எதை விட்டுச் செல்லும் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.