பத்தாவது கட்டை: அமெரிக்கத் தொலைக்காட்சியில் பௌலிங்

பௌலிங் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது கிரிக்கெட் மைதானமும் அதில் ஓடிவரும் பந்துவீச்சாளரும்தான். அமெரிக்காவின் தொழில் நகரங்களில், டெட்ராய்ட்டிலும் மில்வாக்கியிலும் அக்ரனிலும், அதே சொல்லுக்குப் பின்னால் முற்றிலும் வேறொரு உலகம் இருந்தது. வழவழப்பான நீண்ட தடம், அதன் கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்து மரக்கட்டைகள், கையில் ஒரு கனத்த உருண்டை. அந்த விளையாட்டைச் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு தேசத்தின் பெரும்பகுதி தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1962 தொடங்கி 1997 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள். அது எப்படித் தோன்றியது, ஏன் மறைந்தது என்று யோசிக்கும்போது, ஒரு விளையாட்டின் வரலாற்றோடு உழைக்கும் மக்களின் ஒரு வாழ்க்கைமுறையின் வரலாறும் கூடவே எழுந்து வருகிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அவர்கள் பின் என்று அழைப்பதை நான் கட்டை என்றே எழுதுகிறேன். தமிழில் அச்சொல் வாசகரைப் பின்னால் திரும்பிப் பார்க்க வைத்துவிடும். ஒவ்வொரு கட்டையும் 15 அங்குல உயரம், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. எறியும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. உருண்டை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. ஓர் ஆட்டத்தில் பத்துச் சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு வாய்ப்புகள். முதல் வீச்சிலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் எறிந்தவருக்கு 300 புள்ளிகள். அதற்கு மேல் ஒரு புள்ளியும் இல்லை. முழுமை என்பதற்கு இவ்வளவு திட்டவட்டமான எண் கொண்ட விளையாட்டுகள் உலகில் அதிகம் இல்லை.

பார்ப்பதற்கு இது வெறும் பலத்தின் ஆட்டம் போலத் தோன்றும். உண்மையில் இது கோணங்களின் ஆட்டம். வலக்கை ஆட்டக்காரர் உருண்டையை நேராக எறிவதில்லை. கடைசி அடிகளில் இடப்புறமாக வளைந்து, முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையே நுழையுமாறு எறிகிறார். சரியாக அமைந்த ஸ்ட்ரைக்கில் உருண்டை தொடுவது நான்கே கட்டைகளைத்தான்: ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது. மற்ற ஆறையும் வீழ்த்துவது கட்டைகளே. ஒன்று இரண்டைத் தள்ள, இரண்டு நான்கைத் தள்ள, நான்கு ஏழைத் தள்ளும். மூன்று ஆறைத் தள்ள, ஆறு பத்தைத் தள்ளும். ஐந்து எட்டைத் தள்ளும். ஆக, ஆட்டக்காரரின் கை செய்வது பாதிக்கும் குறைவான வேலைதான். மிச்சத்தை அவர் கட்டைகளிடம் ஒப்படைத்துவிட்டு நின்று பார்க்க வேண்டும். அந்த நொடியில் அவரும் ஒரு பார்வையாளரே.

தொலைக்காட்சிக்கு முந்தைய பௌலிங் கூடம் அவ்வளவு மரியாதையான இடமாக இருக்கவில்லை. மதுக்கடைகளின் நிலவறைகளிலும் பின்கட்டுகளிலும்தான் பெரும்பாலான தடங்கள் இருந்தன. தடத்தின் கோடியில், மேடைக்குப் பின்னால் சிறுவர்கள் பதுங்கி அமர்ந்திருப்பார்கள். விழுந்த கட்டைகளைப் பொறுக்கி நிறுத்துவதும், கனத்த உருண்டையைத் தூக்கித் திருப்பி அனுப்புவதும் அவர்கள் வேலை. குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆவணப்படுத்திய புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிறுவர்களையும் நள்ளிரவு வேளைகளில் படமெடுத்தார். தூக்கம் சொக்கும் அந்தக் கண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் இன்னொரு பக்கம் தெரியும்.

அவர்களை அங்கிருந்து அகற்றியது சட்டத்தைக் காட்டிலும் ஓர் இயந்திரம்தான். காட்ஃபிரைட் ஷ்மிட் என்பவர் வடிவமைத்த தானியங்கிக் கட்டையடுக்கியை ஏஎம்எஃப் நிறுவனம் 1946இல் பஃபலோ நகரில் காட்சிக்கு வைத்தது. 1950களின் தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் பிரன்ஸ்விக் நிறுவனமும் தன் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறுவர்கள் கிடைக்கவில்லை என்று தடங்கள் மூடிக்கிடந்த நிலை மாறியது. புறநகர்களில் குளிர்சாதன வசதியும் வண்டி நிறுத்துமிடமும் கொண்ட பெரிய கூடங்கள் எழுந்தன. குடும்பங்கள் வரத் தொடங்கின.

ஆனால் எல்லாக் குடும்பங்களும் வர முடிந்ததா? 1895இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1916இல் எழுதி வைத்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939இல் டெட்ராய்ட்டில் தமக்கென ஒரு தேசியச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அந்த விதியை எதிர்த்துப் போராடியதில் வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்பவர்கள், மாலையில் ஒரே தடத்தில் விளையாட முடியாது என்பது அச்சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர். வழக்குகளும் நெருக்கடியும் சேர்ந்து 1950இல் அந்த விதியை அகற்ற வைத்தன. தொலைக்காட்சியில் பௌலிங் பரவலானது இதற்குச் சற்றுப் பிந்தித்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சிக்கு இந்த ஆட்டம் மிக வசதியாக இருந்தது. பேஸ்பால் மைதானத்தின் பரப்பை அன்றைய சிறிய கறுப்பு வெள்ளைத் திரையில் அடக்குவது கடினம். பௌலிங்கிலோ ஆட்டக்காரர், உருண்டையின் பாதை, இலக்கு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மூடிய கூடம், நிலையான கேமராக்கள், குறைந்த செலவு. ஒவ்வொரு வீச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு குறுங்கதை. ஐம்பதுகளில் பல பௌலிங் நிகழ்ச்சிகள் தோன்றின. என்பிசியின் ஜாக்பாட் பௌலிங் 1959இல் தொடங்கியது. அதை ஒரு கட்டத்தில் தொகுத்து வழங்கியவர் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் மில்டன் பெர்ல்.

இந்த ஆர்வத்தை ஒரு தொழிலாக மாற்ற முடியும் என்று கண்டவர் அக்ரன் நகர வழக்கறிஞர் எடி எலயாஸ். 1958இல் சிரக்யூஸ் நகரில் முன்னணி ஆட்டக்காரர்களைக் கூட்டிப் பேசினார். முப்பத்து மூன்று பேர் ஆளுக்கு 50 டாலர் போட்டார்கள். தொழில்முறை பௌலர்கள் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு நடந்த போட்டிகள் மூன்றே மூன்று. 1962இல் ஏபிசி தொலைக்காட்சி அவர்களுடைய போட்டிகளை வாரந்தோறும் சனிக்கிழமை பிற்பகலில் ஒளிபரப்பத் தொடங்கியது. கிரிஸ் ஷெங்கலின் கனிவான குரல் இறுதிவரை அந்த நிகழ்ச்சியின் குரலாக இருந்தது. அவரருகே முதலில் பில்லி வெலுவும், எழுபதுகளின் நடுவிலிருந்து நெல்சன் பர்ட்டனும் அமர்ந்தார்கள். இருவருமே பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள்.

அப்படி ஓர் ஆட்டக்காரர் அருகில் இருந்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தடத்தின் பெரும்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். எண்ணெயில் உருண்டை வழுக்கிச் செல்லும். எண்ணெய் முடிந்த உலர்ந்த பகுதியில் பற்றிக்கொண்டு வளையும். ஒவ்வொரு வீச்சும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கலைத்துவிடுவதால், சற்று முன் சரியாக இருந்த பாதை இப்போது பிழையாகிவிடும். ஆட்டத்தின் உண்மையான எதிரி அந்த எண்ணெய்தான். கேமராவின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எல்லாவற்றையும் காட்டுவதாகத் தோன்றும் தொலைக்காட்சி, பௌலிங்கில் மிக முக்கியமான ஒன்றைக் காட்ட இயலாமலே இருந்தது.

இறுதிச் சுற்றை ஏணி முறை என்பார்கள். தகுதி பெற்ற ஐவரில் ஐந்தாமவரும் நான்காமவரும் முதலில் மோதுவார்கள். வென்றவர் மூன்றாமவரோடு, அதில் வென்றவர் இரண்டாமவரோடு, கடைசியில் எஞ்சியவர் முதலிடத்தில் காத்திருப்பவரோடு. ஒன்றரை மணி நேரத்தில் அடுத்தடுத்து நான்கு நாடகங்கள். அடிமட்டத்திலிருந்து ஒருவர் ஏறி வருவதைப் பார்ப்பதில் எந்த நாட்டுப் பார்வையாளருக்கும் ஒரு மகிழ்ச்சி இருக்கும்.

அந்த நாடகங்களில் இன்றும் பேசப்படுவது 1970இல் அக்ரனில் நடந்த ஃபயர்ஸ்டோன் சாம்பியன்கள் போட்டியின் இறுதி ஆட்டம். டான் ஜான்சன், டிக் ரிட்கரை எதிர்த்து ஆடினார். முதல் பதினொரு வீச்சும் ஸ்ட்ரைக். வெற்றி உறுதியாகிவிட்டது. பன்னிரண்டாவதும் ஸ்ட்ரைக்கானால் 300. கூடவே 10,000 டாலரும் ஒரு காரும். தேசிய ஒளிபரப்பில் 300 எடுப்பது அதற்கு முன் நிகழாததல்ல. 1967இல் இதே போட்டியில் ஜாக் பியொன்டொலிலோ அதைச் செய்திருந்தார். ஆனால் பட்டத்துக்கான ஆட்டத்தில் அல்ல. ஜான்சனின் உருண்டை வளைந்து சென்று சரியான இடத்தில் இறங்கியது. ஒன்பது கட்டைகள் சிதறின. ஆறாவது கட்டை பத்தாவதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. வலது மூலையில் பத்தாவது கட்டை மட்டும் அப்படியே நின்றது. ஜான்சன் தரையில் குப்புற விழுந்து, எழாமல் கிடந்தார். முடிவு 299–268. வென்றவர் வீழ்ந்து கிடந்தார். பழைய ஒளிப்பதிவில் அதை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் காட்சி ஏன் இவ்வளவு பேரைத் தொட்டது? பார்த்தவர்களில் பலர் அதே வாரம் ஏதோ ஒரு மாலையில், அதே அளவுத் தடத்தில், அதே எடைக் கட்டைகளை நோக்கி எறிந்தவர்கள். நல்ல வீச்சுக்குப் பின்னும் நிற்கும் பத்தாவது கட்டை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆலைகளும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் நடத்திய வாராந்தர லீக் ஆட்டங்களே இந்த விளையாட்டின் வேராக இருந்தன. திரையில் தெரிந்தவர்களும் அந்த உலகத்தவர்கள்தாம். 1975இல் ஒரே பருவத்தில் 100,000 டாலர் ஈட்டிய முதல் ஆட்டக்காரரான ஏர்ல் ஆன்டனி, ஒட்ட வெட்டிய முடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு கணக்கரைப் போல இருப்பார். மளிகைக் கிடங்கில் தொழிலாளியாக இருந்தபோது, இருபது வயது கடந்தபின் பௌலிங் ஆடத் தொடங்கியவர் அவர்.

கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் அந்தத் திரையில் பட்டம் வெல்வதற்கு மட்டும் நெடுங்காலம் ஆயிற்று. ஜார்ஜ் பிரானம் 1986இல்தான் அதைச் செய்தார். 1993இல் சாம்பியன்கள் போட்டியையும் வென்றார். விதி நீங்கியதற்கும் முதல் பட்டத்துக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். ஏட்டிலிருந்து ஒரு வரியை அடித்துவிடுவது எளிது. அது நடைமுறையிலிருந்து அழிவதற்கு ஒரு தலைமுறை தேவைப்படுகிறது.

1997 ஜூனில் ஏபிசி இந்நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்வையாளர் எண்ணிக்கை குறைந்திருந்தது. விளம்பரதாரர்கள் இளையோரைத் தேடிப் போனார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம், தனியே பௌலிங் ஆடுதல் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1980க்கும் 1993க்கும் இடையே அமெரிக்காவில் பௌலிங் ஆடுவோர் 10 விழுக்காடு கூடினார்கள். லீக் ஆட்டமோ 40 விழுக்காடு குறைந்தது என்பது அவர் சுட்டிய செய்தி. கூடி வாழ்தல் தேய்வதன் குறியீடாக அவர் அதைக் கண்டார். தொலைக்காட்சிக்கும் அதில் பங்குண்டு என்றார்.

பொதுவாக அது சரியாக இருக்கலாம். பௌலிங்கைப் பொறுத்தவரை காரணமும் விளைவும் வேறு வகையில் அமைந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே தொலைக்காட்சி லீக்கைக் கொல்லவில்லை. லீக்கின் நிழலில் அது வாழ்ந்தது. ஆலைகள் மூடின. ஒரே நேரத்தில் பணி முடித்து வெளிவரும் கூட்டம் கலைந்தது. போட்டிக்குப் பெயர் தந்த ஃபயர்ஸ்டோன் நிறுவனமே 1988இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கைக்குப் போயிற்று. வாரம் ஒருமுறை உருண்டையைத் தூக்கிய கைகள் குறைந்தபோது, திரையில் தெரிவதன் கனத்தை உணரும் கண்களும் குறைந்தன. எண்ணெய் கேமராவுக்குத் தெரியாது, ஆடியவருக்குத் தெரியும். அந்த அறிவு போனபின் எஞ்சியது, யாரோ எதையோ உருட்டிவிடும் காட்சி மட்டுமே.

ஆட்டம் முடிந்துவிடவில்லை. 2000இல் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த முன்னாள் அதிகாரிகள் சங்கத்தை வாங்கி மறுபடியும் நடத்தினார்கள். 2010இல் கெல்லி கூலிக் சாம்பியன்கள் போட்டியின் இறுதியில் கிரிஸ் பார்ன்ஸை 265–195 என வீழ்த்தி, ஆண்களோடு மோதிப் பட்டம் வென்ற முதல் பெண்ணானார். ஏழாவதும் பத்தாவதுமான கட்டைகள் இரு மூலைகளில் மூன்றடி இடைவெளியில் நிற்கும்போது இரண்டையும் ஒரே உருண்டையால் வீழ்த்துவதை, மார்க் ராத் 1980 ஜனவரியில் முதன்முதலாகத் தேசிய ஒளிபரப்பில் செய்து காட்டினார். 1991இல் இருவர் அதைச் செய்தார்கள். பிறகு முப்பது ஆண்டுகள் எவருக்கும் கைகூடவில்லை. 2021 ஏப்ரலில் பதினெட்டு வயது அந்தோனி நியூவர் அதைச் செய்தபோது, அந்தச் சில நொடிகள் உலகெங்கும் கைபேசிகளில் ஓடின. அவற்றைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஒரு கூடத்தில் வாரம்தோறும் தம் அணியினரோடு அமர்ந்து, தம் முறைக்காகக் காத்திருந்தவர்கள் என்பதே இந்த வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.