சிஆர்2032: பதம் பிரித்தால்

கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிட்டால், 'சிமாஸ் பேட்டரி போயிருக்கும்' என்பார் கடைக்காரர். மதர்போர்டிலிருந்து அவர் நெம்பி எடுக்கும் வட்டச் செல்லில், கூட்டல் குறி போட்ட பக்கத்தில், சிஆர்2032 என்று பொறித்திருக்கும். பார்த்தால் மாடல் எண் மாதிரிதான். ஆனால் பகுபதம் போல அக்கக்காகப் பிரியக்கூடிய பெயர் அது.

பெயர் வைத்தது ஐஈசி எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறை. 'சி' என்றால் கார்பன் அல்ல. லித்தியமும் மாங்கனீஸ் டை ஆக்சைடும் சேர்ந்த 3 வோல்ட் வேதியியல். அந்த இடத்தில் 'எல்' வந்தால் அல்கலைன், 'எஸ்' வந்தால் சில்வர் ஆக்சைடு. 'ஆர்' வட்டத்தைக் குறிக்கும் ரவுண்டு. 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 32-ஐ மட்டும் பத்தால் வகுக்க வேண்டும்: தடிமன் 3.2 மி.மீ.

இப்படிப் படிக்கத் தெரிந்தால் 2025, 2016 எல்லாம் அதே விட்டத்தில் மெலிந்த தம்பிகள் என்பது புரியும். இரண்டு 2016-ஐ அடுக்கினால் தடிமன் கச்சிதமாக 3.2 வரும், 2032-இன் குழியில் அழகாக உட்காரும். ஆனால் மின்னழுத்தம் 6 வோல்ட் ஆகிவிடும். அளவு பொருந்துகிறதே என்று போர்டில் மாட்டிவிடக் கூடாது.

முறை அவ்வளவு ஒழுங்கானதும் இல்லை. சிஆர்1220-இன் விட்டம் 12.5 மி.மீ.; அரையைப் பெயரில் விழுங்கிவிட்டார்கள். எல்ஆர்44-இலோ 44 அளவே அல்ல, பழைய வரிசை எண். அதன் மெய்யளவு 11.6-க்கு 5.4. ரிமோட்டில் போடும் அல்கலைன் பென்சில் செல்லின் எல்ஆர்6-உம் அந்தக் காலத்துப் பெயர்தான்.

'சிமாஸ்' பேட்டரியின் வேதியியல் பெயரல்ல, அது காத்த சிப்பின் தொழில்நுட்பப் பெயர். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில், மோட்டரோலாவின் கடிகாரச் சிப்புக்குள் 64 பைட் சிமாஸ் நினைவகம் இருந்தது. மின்சாரம் நின்றாலும் நேரமும் அமைப்புகளும் அழியாமல் காத்தது பேட்டரி. இன்று பல போர்டுகளில் அமைப்புகள் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டன. செல்லுக்கு மிஞ்சிய முக்கிய வேலை கடிகாரம்தான். பெயர் மட்டும் மாறவில்லை.

கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் எல்ஐஆர்2032-உம் கைக்கு வரலாம். அளவு அதேதான், ஆனால் அது சார்ஜ் ஏற்றும் வகை, 3.6 வோல்ட். சிஆர் வகைக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. முன்னால் உள்ள எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.