ஏரியும் இயற்கைதான்: இந்திரா காந்தியின் சூழல் சட்டங்களும் அம்பத்தூர், ஆவடி ஏரிகளும்

இந்திரா காந்தியின் இயற்கை ஈடுபாடு புலியோடும் காட்டோடும் நின்றுவிட்டது, மக்கள் புழங்கும் நீர்நிலைகளை அது கண்டுகொள்ளவில்லை என்றொரு விமர்சனம் உண்டு. சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளை முன்வைத்துப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. மீதிப் பழி பின்னால் வந்தவர்களுடையது.

அவருடைய ஈடுபாடு பதவியோடு வந்ததல்ல. டேராடூன் சிறையிலிருந்து நேரு அனுப்பிய பறவையியலாளர் சாலிம் அலியின் நூல்தான் தமக்குப் பறவைகளை அறிமுகப்படுத்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். 1972 ஜூனில் ஐ.நா.வின் ஸ்டாக்ஹோம் சூழல் மாநாட்டுக்கு நேரில் சென்ற வேற்றுநாட்டுப் பிரதமர் அவர் ஒருவரே. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1976-இன் 42-ஆவது திருத்தம் சூழல் காப்பை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் ஆக்கியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அது நிறைவேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அந்த மேற்குப் புறநகரில் உள்ள ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டையும் வந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வளர்ச்சி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் விலையை ஏரிகள் கொடுத்தன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூருக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும் சங்கிலி இது. அதே வழியில் மழைநீரோடு சாக்கடையும் ஆலைக்கழிவும் கொரட்டூர் ஏரியில் இறங்கின. ஆகாயத்தாமரை அடர்ந்த கரையோரத்தில் தாழைக்கோழி இன்னும் மேய்கிறது; நாமக்கோழிகள் நீந்துகின்றன. தில்லிப் பறவை நோக்கர் சங்கத்தில் உறுப்பினராக இருந்த இந்திராவுக்கு இவை அந்நியமல்ல.

சட்டத்துக்குத்தான் இவை அந்நியமாகிவிட்டன. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது அவருடைய ஆட்சியில், 1982-இல். இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, இரண்டையுமே அது ஈரநிலம் என்கிறது. 2010-இன் இந்திய ஈரநில விதிகளும் ஏரி குளங்களைச் சேர்த்தே வரையறுத்தன. 2017-இன் விதிகளோ குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்று வெட்டப்பட்டவற்றை வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரி எது அதில் தப்பும்? வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். கரையும் மதகும் கலங்கலும் உள்ள அந்த ஏரி சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் தலமும் ஆனது. உழவரின் பாசனமும் பறவையின் கூடும் ஒரே நீரில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றப் பயன்படும். நீருக்குள் வாழும் உயிர்களைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. ஆகவே 2017 விதிகளின் அந்த விலக்கை நீக்குவதே முதல் வேலை. அதற்குப் புதுத் தத்துவம் எதுவும் வேண்டாம். 1982-இல் ஒப்புக்கொண்ட வரையறைக்குத் திரும்பினாலே போதும்.